தரையைப் பார்த்து ஜாக்கி வாங்குங்கள்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடியில் கருவிக் கடைக்குப் போய் "வீட்டுக் காருக்கு ஒரு ஜாக்கி வேணும்ணே" என்றால், "எத்தனை டன் தம்பி?" என்ற கேள்விதான் முதலில் வரும். இரண்டு டன், மூன்று டன், ஐந்து டன் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். டன் கூடக் கூட விலையும் ஏறும். விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறுகிறது என்று நமக்கும் தோன்றும். வீட்டிலேயே கார் வேலை பார்க்க நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: டன்னைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஜாக்கி உட்காரப் போகும் தரை. அடுத்தது, காரின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இந்த இரண்டும் தெரிந்தால் எந்த வகை ஜாக்கி என்பதில் பாதி முடிவு ஆகிவிடும்.

டன் ஏன் கடைசி என்பதற்கு ஒரு கணக்கு. ஸ்விஃப்ட் மாதிரிக் கார் சுமார் 900 கிலோ. ஆல்டோ அதைவிடக் குறைவு. பழைய அம்பாசடர் 1,100 கிலோவுக்கு மேல், பொலேரோ சுமார் 1,600, இன்னோவா கிரிஸ்டா 1,800ஐ ஒட்டி வரும். ஜாக்கி முழுக் காரையும் தூக்குவதில்லை. ஒரு மூலையைத் தூக்கும், மிஞ்சினால் முன்பாதியை அல்லது பின்பாதியைத் தூக்கும். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே இருப்பதால் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்பக்கம் விழும். அப்படிப் பார்த்தாலும் ஸ்விஃப்டின் முன்பக்கம் முழுவதையும் தூக்க சுமார் 540 கிலோதான் ஆகிறது. பொலேரோவின் ஒரு பாதிகூட ஒரு டன்னைத் தொடாது. ஆக, எடையை மட்டும் பார்த்தால் வீட்டுக் கார் எதற்கும் இரண்டு டன் போதும். மூன்று டன் ட்ராலி ஜாக்கிக்கு, அதாவது சக்கரங்களில் உருட்டிக் காருக்கு அடியில் விடும் ஜாக்கிக்கு, நாம் கொடுக்கும் கூடுதல் காசு அகலமான அடிப்பாகத்துக்கும், நீளமான கைக்கும், கூடுதல் உயரத்துக்கும்தான். அவை நமக்குத் தேவையா இல்லையா என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்துத் தரைகள்

செட்டிநாட்டில் கார் நிற்கும் இடம் வீட்டுக்கு வீடு மாறும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பின்கட்டை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கும், கீழே இறுகிய செம்மண். காரைக்குடியின் புது நகர்களில் போர்டிகோவும் பார்க்கிங் டைல்ஸும். சொந்த ஊர் அடையாளம் வேண்டும் என்று ஆசையாக முகப்பிலும் போர்டிகோவிலும் ஆத்தங்குடிக் கல் பதித்தவர்களும் உண்டு. சிலருக்கு வீட்டு வாசலில் தெருவோர வேப்பமரத்தடிதான் கார் ஷெட்.

செம்மண்ணைப் பற்றி முதலில். கோடையில் அது சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், நம்பிக்கை தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே இடம் அரை அங்குலம் கால் புதையும். ஆனால் கோடையிலும் ட்ராலி ஜாக்கிக்கு அது சரியான தரை இல்லை. காரணம் அந்த ஜாக்கி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வில் மாதிரி வளைந்து போகிறது. கை உயர உயர அதன் தலையில் உள்ள தட்டு முன்னும் பின்னும் நகரும். அந்த நகர்வுக்கு ஈடுகட்டத்தான் ஜாக்கிக்கு இரும்புச் சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். தட்டு நகரும்போது ஜாக்கி உருண்டு காருக்கு அடியில் போக வேண்டும். மண்ணில் அந்தச் சின்னச் சக்கரங்கள் அழுந்தி நின்றுவிட்டால் ஜாக்கி உருளாது. அப்போது தட்டுதான் காரின் விளிம்பிலிருந்து நழுவும், இல்லையென்றால் கார் பக்கவாட்டில் இழுபடும். "மண்ணுல வச்சு நல்லாத்தான தூக்குச்சு" என்பவர்கள் கொஞ்ச உயரம் மட்டும் தூக்கியிருப்பார்கள், அல்லது அன்றைக்குக் கார் கொஞ்சம் உருண்டு கொடுத்திருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லின் விஷயம் வேறு. அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. கண்ணாடி முகத்தால்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் நடந்து நடந்து மெருகேறும் கல், ஆனால் ஒரே புள்ளியில் விழும் பாரத்தைத் தாங்கச் செய்ததல்ல. 500 கிலோவைத் தூக்கும்போது அதில் பெரும்பங்கு ஜாக்கியின் முன்சக்கரங்கள் இரண்டில், விரல் அகலத்துக்கும் குறைவான இரும்பு விளிம்பில் இறங்குகிறது. கல்லுக்கு அடியில் கலவை சரியாகப் படாமல் பொள்ளலாக இருந்தால் அங்கேயே விரிசல் விடும். இன்னொரு கவலை எண்ணெய். சிமென்ட் கல் உறிஞ்சும் தன்மை உடையது. ஜாக்கியிலிருந்து கசியும் ஹைட்ராலிக் ஆயிலோ காரிலிருந்து ஒழுகும் இன்ஜின் ஆயிலோ உள்ளே இறங்கிவிட்டால் அந்தக் கறையை முழுசாக எடுக்க முடியாது. பார்க்கிங் டைல்ஸ் ஆத்தங்குடிக் கல்லைவிட உறுதியானதுதான், ஆனால் அடியில் பொள்ளல் இருந்தால் அதற்கும் இதே கதி.

இரண்டு தரைக்கும் மருந்து ஒன்றுதான்: 18 மி.மீ. பிளைவுட் பலகை, நான்கடிக்கு இரண்டடி. ஜாக்கியின் நீளத்தைவிடப் பலகை நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஜாக்கி அதன் மேலேயே உருளும். மண்ணில் விரிக்கும்போது அடியில் கல்லோ பள்ளமோ இல்லாமல் சமன் செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்து மண்ணில் பலகை போட்டாலும் வேண்டாம். அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

உயரத்தை அளந்து பாருங்கள்

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் உட்காருங்கள். கதவுக்கு அடியில் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், தகட்டு விளிம்பில் சின்ன வெட்டுக் குறிகள் இருக்கும். பெரும்பாலான சின்னக் கார்களில் ஜாக்கி வைக்க வேண்டிய இடம் அதுதான். அது தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டயரில் காற்று இல்லாத நிலையையும் யோசியுங்கள். 165/80 என்று எழுதிய டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ. உயரம். காற்று முழுசாக இறங்கினால் அது மடங்கி அந்த மூலை இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்துவிடும். பஞ்சரான நாளில்தான் ஜாக்கி கட்டாயம் உள்ளே போயாக வேண்டும், அன்றைக்குத்தான் இடமும் குறைவு.

மேல்பக்கக் கணக்கும் வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்க ஆரம்பித்தவுடன் சக்கரம் கிளம்பாது. முதலில் ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழே தொங்கும், அது முடிந்த பிறகுதான் தரையை விடும். பொலேரோவை சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், ஜாக்கி வைத்துத் தூக்கினால் இந்தத் தொங்கலுக்கே ஜாக்கியின் உயரத்தில் பெரும்பகுதி போய்விடும். அதையே பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பின் ஆக்சிலில் வைத்தால் கொஞ்சம் தூக்கினாலே சக்கரம் கிளம்பிவிடும், ஏனென்றால் அங்கே ஸ்பிரிங்குக்குக் கீழேயே தூக்குகிறோம். பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் வைத்த அம்பாசடரின் பின்பக்கத்துக்கும் இதே கணக்குதான். அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014இல், ஆனால் நம் பக்கம் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு இது கட்டாயம் உதவும்.

இனி ஜாக்கிகள்

காரோடு வரும், திருகைச் சுற்றினால் கத்தரி மாதிரி விரியும் கத்தரி ஜாக்கியை நான் குறை சொல்ல மாட்டேன். சின்னது, எண்ணெய் கிடையாது, ஆண்டுக்கணக்கில் டிக்கியில் கிடந்தாலும் சுற்றினால் சுற்றும், காரின் விளிம்புக்கு ஏற்ற பள்ளம் அதன் தலையிலேயே இருக்கும். வழியில் ஸ்டெப்னி மாற்ற இது போதும். ஆனால் அதன் அடித்தட்டு ஒரு கை அகலம்தான். பக்கவாட்டில் ஒரு இடி விழுந்தால் மடங்கிச் சாய்ந்துவிடும். சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே கொடுத்த சாமான் அது. பிரேக் பேட் மாற்ற, காருக்கு அடியில் எட்டிப் பார்க்க அதை நம்பக் கூடாது.

பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கிதான் நம் ஊர்களில் அதிகம் பார்ப்பது. பஞ்சர் கடையில், டிராக்டரில், லாரியில் எல்லாம் அதுதான். விலை குறைவு, எடை குறைவு, பழுது பார்க்க ஆள் எங்கும் உண்டு. அதன் இன்னொரு நல்ல குணத்தை யாரும் கவனிப்பதில்லை. பாட்டில் ஜாக்கியின் பிஸ்டன் நேராக மேலே போகிறது, ட்ராலி மாதிரி வளைந்து போவதில்லை, அதனால் அது உருள வேண்டிய தேவையே இல்லை. இறுகிய மண்ணில் ஒரு தடிமனான மரப்பலகை போட்டு வைத்தால், ட்ராலி ஜாக்கியைவிட பாட்டில் ஜாக்கி அந்தத் தரைக்குப் பொருத்தம். கொட்டகையில் பொலேரோ நிறுத்தியிருப்பவருக்கு, பின் ஆக்சிலில் வைத்துத் தூக்க, பாட்டில் ஜாக்கியைத்தான் நான் சொல்வேன்.

சின்னக் காருக்கு அதே ஜாக்கி பொருந்தாது. மடங்கிய நிலையிலேயே 2 டன் பாட்டில் ஜாக்கிகள் பெரும்பாலும் 150 முதல் 180 மி.மீ. வரை நிற்கும், 5 டன் இன்னும் உயரம். பஞ்சரான ஆல்டோவுக்கு அடியில் அது நுழையாது. நுழைந்தாலும் அதன் தலை ஒரு பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தகட்டு விளிம்பின் மேல் அது நிற்காது, வழுக்கும், அல்லது விளிம்பையே மடக்கிவிடும். அடிப்பாகமும் குறுகலானது என்பதால் கார் ஓரிரு அங்குலம் உருண்டாலே ஜாக்கி சாய்ந்துவிடும்.

சின்ன ட்ராலி ஜாக்கி, அதாவது பெட்டியில் வைத்து விற்கும் 2 டன் வகை, இணையத்தில் அதிகம் விற்பது இதுதான். எட்டு ஒன்பது கிலோ எடை, கீழே சுமார் 135 மி.மீ., மேலே 330 மி.மீ.யைச் சுற்றி. ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் வைத்திருப்பவர், போர்டிகோவில் சிமென்ட் தரையோ டைல்ஸோ உள்ளவர், டயர் மாற்றி மாற்றிப் போடுவது, பிரேக் பார்ப்பது என்ற அளவில் நிறுத்திக்கொள்பவர் என்றால் இது போதும். இதன் குறை கைப்பிடி. குட்டையானது, அதனால் ஒவ்வொரு அடிக்கும் குனிந்து, முட்டிபோட்டு, நிறைய தடவை அடிக்க வேண்டும். அகலமும் குறைவு என்பதால் சரிவான இடத்தில் நம்ப முடியாது. நம் பக்கம் போர்டிகோவை வாசல் பார்த்துச் சரிவாகத்தான் போடுகிறார்கள், மழைத்தண்ணீர் ஓட. அந்தச் சரிவில் இந்த ஜாக்கியைக் காரின் பக்கவாட்டிலிருந்து உள்ளே விட்டு வேலை பார்க்கும்போது சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இல்லாமல் தொடவே கூடாது.

நீளமான 3 டன் ட்ராலி ஜாக்கியை ஒருமுறை பயன்படுத்தியவர் சின்னதற்குத் திரும்ப மாட்டார். நின்ற நிலையில் அடிக்கலாம், நான்கைந்து அடியில் தட்டு காரைத் தொட்டுவிடும், 460 மி.மீ. முதல் 500 வரை உயரும், இறக்கும்போது மெதுவாக, நாம் சொன்னபடி இறங்கும். முன்பக்கம் நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தில் வைத்து இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே தூக்கில் தூக்க இதுதான் வசதி. விலை சின்னதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அதைவிடப் பெரிய பிரச்சினை எடையும் இடமும். முப்பது கிலோ சொச்சம் இரும்பை ஒருவர் நிலைப்படி தாண்டித் தூக்கி இறக்க முடியாது, செட்டிநாட்டு வீட்டு நிலைப்படிகளின் உயரம் உங்களுக்கே தெரியும். கைப்பிடி மட்டும் மூன்றடிக்கு மேல். கார் மூக்கு சுவரைத் தொட நிற்கும் ஷெட்டில் முன்பக்கத்திலிருந்து இதை உள்ளே விடவே முடியாது. வாங்கும் முன் காரை வழக்கமான இடத்தில் நிறுத்தி, அதன் முன்னால் ஐந்தடி, பக்கத்தில் நான்கடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காசு வீண்.

ட்ராலியிலேயே தட்டை வகை என்று ஒன்று உண்டு, கீழே 75 முதல் 85 மி.மீ. வரை தாழும். தாழ்வான செடான் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். அலுமினிய ஜாக்கிகள் எடையில் லேசானவை, விலையில் கனமானவை, உதிரிப் பாகம் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் மின்சார ஜாக்கி, கத்தரி ஜாக்கிக்கு ஒரு மோட்டார் வைத்ததுதான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இன்ஜின் ஆயில் மாற்ற மட்டும் ஜாக்கி தேடுபவர்கள் ஒரு ஜோடி இரும்புச் சாய்தளத்தை யோசிக்கலாம். காரை ஏற்றி நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டால் முடிந்தது.

கடையில் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது "சீல் கிட் தனியா கிடைக்குமா?" என்றுதான். உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்களின் தொகுப்பு அது. கிடைக்காது என்றால் அந்த ஜாக்கியின் ஆயுள் முதல் வளையம் போகும் நாள் வரைதான். மதுரையிலோ திருச்சியிலோ கிட் கிடைக்கிற கம்பெனி என்றால் சரி. அப்புறம் பற்றவைத்த இடங்களைப் பாருங்கள். பெயின்ட் தடிமனாகப் பூசி மறைத்திருந்தால் வேறு ஜாக்கியைப் பாருங்கள்.

ஜாக்கியைவிட முக்கியமானது

எந்த ஜாக்கி வாங்கினாலும் அது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்டு என்ற இரும்புத் தாங்கி வேண்டும், ஜோடியாக. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் காரைத் தாங்கி நிற்பது ஒரு ரப்பர் வளையமும் ஒரு சின்ன எஃகுக் குண்டும்தான். குண்டு உட்காரும் இடத்தில் ஒரு துளி மண் புகுந்தால் போதும், கார் இறங்கத் தொடங்கும். காசு குறைவு என்றால் 3 டன் ட்ராலியை விட்டுவிட்டு 2 டன் ட்ராலியும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஸ்டாண்டுக்குப் பதிலாக நம் ஊரில் வைப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஹாலோ பிளாக் கல், செங்கல் அடுக்கு, உடைந்த ஆட்டுக்கல். ஹாலோ பிளாக் சுவரில் பாரத்தைப் பரவலாகத் தாங்கும். காரின் ஒரு விளிம்பு நடுவில் அழுத்தினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கிவிடும். செங்கலும் அப்படித்தான். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைப்பது நல்ல பழக்கம், ஆனால் அது ஸ்டாண்டுக்குத் துணையாக மட்டும்.

ஸ்டாண்டில் பல்லும் கொக்கியும் உள்ள வகையும், ஓட்டையில் ஊசி செருகும் வகையும் உண்டு. பல் வகை வசதி, ஆனால் பல் முழுசாகக் கவ்வியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். 2020இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பல் வகை ஸ்டாண்டுகள், பாரத்தோடு இருக்கும்போது பல் நழுவலாம் என்று திரும்பப் பெறப்பட்டன. கூடுதலாகப் பாதுகாப்பு ஊசியும் உள்ள ஸ்டாண்டு கிடைத்தால் அதை வாங்குங்கள். மேலே எழுதியிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்றும் கேளுங்கள். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியிலும் பலகைத் துண்டு வேண்டும், ஆத்தங்குடிக் கல்லுக்காகவும், மண்ணுக்காகவும். சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் அந்தக் கால்கள் இறங்கும்.

காரை இறக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்ததும், அடியில் போகும் முன் கையால் பலமாக ஒருமுறை காரைத் தள்ளிப் பாருங்கள். ஆட வேண்டுமென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல், லேசாகத் தொட்டபடி அங்கேயே விட்டுவையுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை நம்புவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஸ்விஃப்டின் பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கும் சக்கரங்கள் அந்தரத்தில். அங்கே காரை நிறுத்தி வைப்பது முன்சக்கரங்களைப் பிடிக்கும் கியரும் முட்டுக்கட்டையும்தான். அம்பாசடரிலும் பொலேரோவிலும் இன்னும் மோசம். இன்ஜின் தள்ளுவதும் பின்சக்கரத்தை, ஹேண்ட்பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தை. பின் ஆக்சிலின் நடுவில் ஜாக்கி வைத்து இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கிவிட்டால், கியர் போட்டிருந்தாலும் ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தாலும் அந்தக் கார் முன்சக்கரங்களில் தாராளமாக உருளும். காரைப் பிடித்து நிறுத்த அங்கே முட்டுக்கட்டை தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு முன்சக்கரங்களுக்கும், முன்னும் பின்னுமாக நான்கு கட்டை போடாமல் கைப்பிடியைத் தொடாதீர்கள்.

ஜாக்கி வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. இன்ஜின் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், தரைத்தகடு, இவற்றில் எதிலும் வைக்கக் கூடாது. தகட்டு விளிம்பில் ட்ராலியின் இரும்புத் தட்டை நேராக வைத்தால் விளிம்பு மடங்கும், பெயின்ட் போய்த் துரு ஏறும். நடுவில் வெட்டுப் பள்ளம் உள்ள ரப்பர் பேட் ஒன்று வாங்கித் தட்டின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். மரத்துண்டு வைப்பதை நான் விரும்புவதில்லை, பிளந்துவிடும்.

பராமரிப்பு

ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் நடப்பது எளிமையானது. கைப்பிடி ஒரு சின்ன பிஸ்டனை அடிக்கிறது. அது எண்ணெயை அழுத்தி ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. பாஸ்கல் விதிப்படி எண்ணெயின் அழுத்தம் எங்கும் ஒன்றே என்பதால், பெரிய பிஸ்டனின் பரப்பு ஒன்பது மடங்கு என்றால் விசையும் ஒன்பது மடங்கு. கைப்பிடியின் நெம்பு பலம் அதற்கு மேல். இதில் கெட்டுப்போகக் கூடியவை மூன்றுதான்: எண்ணெய், ரப்பர் சீல், வால்வு உட்காரும் இடம். மூன்றுக்கும் பொது எதிரி மண். நம் செம்மண் தூசி எவ்வளவு நைசானது என்று வெள்ளை வேட்டி துவைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எண்ணெயில் செய்யும் தவறுதான் அதிக ஜாக்கிகளைக் கொல்கிறது. "ஜாக்கி ஆயில் இல்ல, பிரேக் ஆயில் ஊத்திக்கங்க" என்று சொல்லும் கடைகள் உண்டு. கூடவே கூடாது. வழக்கமான பிரேக் ஆயில் கிளைகால் வகை. ஜாக்கியில் இருக்கும் ரப்பர் தாது எண்ணெய்க்காகச் செய்தது, பிரேக் ஆயில் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அது கெட்டியானது. ஹைட்ராலிக் ஆயில் 32 என்று கேளுங்கள், அந்த எண் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிப்பது. இந்தியன் ஆயிலின் சர்வோ சிஸ்டம், எச்.பி.யின் என்க்ளோ ஆகியவற்றில் அந்த எண் கிடைக்கும். டிராக்டருக்கு வாங்கிய 68ஐ ஊற்றினால் ஜாக்கி இறங்குவது மந்தமாகும். சின்ன ட்ராலிக்கு கால் லிட்டர்கூடத் தேவைப்படாது, எனவே சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதை வாங்காமல் மூடி உடைக்காத டப்பா வாங்குங்கள்.

ஊற்றும் முறை: தட்டை முழுசாக இறக்கிவையுங்கள். நிரப்பும் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் அங்கே ஒட்டியிருக்கும் மண் நேராக உள்ளே போகும். ஓட்டையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் இருந்தால் போதும். மேலே தளும்ப ஊற்றினால் எண்ணெய் திரும்பி வர இடமில்லாமல் ஜாக்கி முழுசாக இறங்காது. பழைய எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, கறுத்திருந்தால் அழுக்கு. இரண்டானாலும் முழுசாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

புது எண்ணெய் ஊற்றிய பிறகோ, ஜாக்கி பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, உள்ளே காற்று இருக்கிறது. ஜாக்கியை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வை இடப்பக்கம் திருகித் திறந்து வைத்துக்கொண்டு, பாரம் இல்லாமல் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை முழுசாக அடியுங்கள். பிறகு வால்வை மூடி, தட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரே தடவையில் சரியாகவில்லை என்றால் மறுபடி செய்ய வேண்டியதுதான். ரிலீஸ் வால்வை முழுசாகக் கழற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் குண்டு விழுந்து தொலையும்.

அறிகுறிகளைப் படிக்கப் பழகினால் மெக்கானிக்கிடம் போகும் தேவை குறையும். முழு உயரத்துக்குப் போகவில்லை என்றால் எண்ணெய் குறைவு. தூக்கிய பின் மெதுவாக இறங்கினால் ரிலீஸ் வால்வில் அழுக்கு அல்லது சீல் தேய்மானம். பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் கசிந்தால் சீல் கிட் மாற்றும் நேரம். பாரம் ஏற்றினால் மட்டும் தூக்க மறுத்தால், அளவுக்கு மீறிய பாரத்துக்கான பாதுகாப்பு வால்வு திறக்கிறதா என்று யோசியுங்கள். சிலர் அந்த வால்வை இறுக்கி "பவர் கூட்டித் தர்றேன்" என்பார்கள். அதைத் தொட யாரையும் விடாதீர்கள். கை வளைந்திருந்தாலோ, பற்றவைப்பில் விரிசல் தெரிந்தாலோ திரும்பப் பற்றவைத்துப் பயன்படுத்தவும் கூடாது, இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான்.

சக்கரங்களுக்கும் மூட்டுகளுக்கும் லித்தியம் கிரீஸ் வையுங்கள். சக்கரம் சுலபமாக உருளாவிட்டால் முன்பு சொன்ன மண்தரைப் பிரச்சினை சிமென்ட் தரையிலும் வந்துவிடும். பிஸ்டனில் கிரீஸ் பூச வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் தட்டை முழுசாக இறக்கி வையுங்கள். பிஸ்டன் உள்ளே எண்ணெயில் இருக்கும்வரை துரு அண்டாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைக்கால ஈரத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு பிடிக்கும், அடுத்த முறை உள்ளே போகும்போது அந்தத் துரு சீலைக் கிழிக்கும். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து வீட்டைத் திறப்பவர்கள் இன்னும் ஒன்று செய்ய வேண்டும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த ஜாக்கியின் ரப்பர் விறைத்திருக்கும். வந்தவுடன் காரில் வைக்காமல், பாரம் இல்லாமல் பலமுறை ஏற்றி இறக்குங்கள். பிறகு காரைக் கொஞ்சம் தூக்கி, சுவரில் ஒரு கோடு போட்டு, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கோட்டிலிருந்து இறங்கியிருந்தால் சரிசெய்யும்வரை அந்த ஜாக்கி வேண்டாம்.

இதே சோதனையை இரவல் போய்த் திரும்பிய ஜாக்கிக்கும் செய்யுங்கள். ஜாக்கி ஒரு வீட்டில் இருந்தால் அது தெருவுக்கே பொது, இல்லை என்று சொல்லவும் முடியாது. கொடுக்கும்போது ஸ்டாண்டு ஜோடியையும் பலகையையும் சேர்த்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும் சக்கரங்களில் சிக்கிய செம்மண்ணைத் தட்டிவிட்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதா, எண்ணெய் எங்காவது ஒழுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.